ஒரு கரண்டி சீனிப்பாகு

"மைனி, நீங்க எதையும் இருந்தபடி விடவே மாட்டிய."

இதைத்தான் சொன்னாள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நான் சும்மா இருப்பேனா? நான் விட்டுவிட்டால் இந்த வீடு என்ன ஆகும் எமல்டா, உன் அண்ணன் காலையில் எழுந்து எந்தச் செருப்பை எந்தக் காலில் மாட்டுவதென்று கேட்பாரே, இத்தாலியிலிருந்து நீ பறந்து வந்து சொல்வாயா என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே? கையிலிருந்த கிளாசை மேசையில் வைத்தாள். சத்தமே வராமல் வைத்தாள். கன்னியாஸ்திரிகளுக்கு அது ஒரு ஆயுதம், சத்தம் வராமல் வைப்பது. மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான், எனக்குத் தெரியும்.

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் அக்கா. இடம் விட்டால் அந்தப் பச்சைப் புடவை நடுவில் நுழைந்துவிடும். வந்ததிலிருந்து பார்க்கிறேன், அதன் கண் வரிசையில்தான் இருக்கிறது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்த இடத்திலும் முண்டியடித்தால் என்னத்தைச் சொல்வது. நீங்கள் எந்த ஊர்? லால்குடியா? பக்கம்தான். நான் தூத்துக்குடி. அவ்வளவு தூரம் தாண்டிப் பூண்டி மாதா கோயிலுக்கு ஏன் வந்தாய் என்று கேட்காதீர்கள். எங்கள் கோயிலில் என் குரலைக் கேட்டதுமே சாமியாருக்கு ஆள் தெரிந்துவிடும். வேளாங்கண்ணிக்குப் போகலாம் என்றால் அங்கே மரத்துக்கு ஒரு தூத்துக்குடிக்காரி உட்கார்ந்திருப்பாள். இங்கேயானால் யாரும் இல்லை. உங்களைத் தவிர.

எமல்டா என் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை. சிஸ்டர் எமல்டா. இத்தாலியில் டஸ்கனி என்று ஒரு பக்கம் இருக்கிறதாமே, அங்கே ஒரு மலை ஊரில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் மடம். என் மகன் லியாண்டருக்குக் குருப்பட்டம் என்றதும் லீவு வாங்கிக்கொண்டு வந்தாள். ஆமாம், என் மகன் சாமியார். ஃபாதர் லியாண்டர் கொரைரா. போன தவக்காலத்துக்கு முன்னால்தான் பட்டம். எங்கள் தெருவில் இந்தத் தலைமுறைக்கு முதல் குரு அவன்தான். பட்டத்துக்கு மறுநாள் சொந்த ஊர்ப் பங்குக் கோயிலில் முதல் பூசை. அதற்கென்றுதான் அவள் ஒரு திராட்சை ரசப் பாட்டிலைக் கொண்டுவந்தாள்.

சாதாரணப் பாட்டில் இல்லை. கம்பளிச் சட்டைக்குள் சுற்றி, அதை இன்னொரு சட்டைக்குள் சுற்றி, குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்தாள். அவள் பார்த்துக்கொண்ட ஒரு கிழவி, இடா என்று பேர், படுத்த படுக்கை. அந்தம்மாவின் மகனுக்குத் திராட்சைத் தோட்டம். அங்கே இருப்பதிலேயே உசத்தியான சிவப்பு ரசம் அதுதானாம். பெரிய ஓட்டலில் கலியாண நாளுக்கு எடுத்துக் குடிப்பார்களாம். லியாண்டர் செமினாரியில், சாமியாருக்குப் படிக்கிற இடத்தில், அங்கி வாங்கின வருஷத்துத் திராட்சை. உன் அண்ணன் மகன் முதல் பூசைக்கு என்று சொல்லி அந்தக் கிழவிதான் மகனிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தது. அதன் பிறகு கிழவி செத்துப்போனது. இவள் மடத்து நிலவறையில் படுக்கப்போட்டே காத்து வைத்திருந்தாள். நிற்க வைக்கக் கூடாதாம்.

ரெண்டு திராட்சை கலந்தது என்றாள். ஒன்று சிரா. அது கறுப்பு, கெட்டி, மிளகு மாதிரி ஒரு காரம் உண்டு. இன்னொன்று கிரனாஷ். அது வெயில் குடித்துக் கடைசியில் பழுக்கிறது, அதுதான் அந்தக் கெட்டியை இளக்குமாம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொன்னாள். வீட்டுக்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குக்கூட அப்படி ஆட்டினதில்லை.

எங்கள் பங்குச் சாமியாரிடம் காட்டி அனுமதி வாங்கினோம். கலப்படம் ஏதும் இல்லையே சிஸ்டர் என்று கேட்டார். திராட்சையைத் தவிர ஒன்றும் கிடையாது ஃபாதர், அவங்க ஊர்க் கோயிலுக்கும் இந்தத் தோட்டத்து ரசம்தான் போகுது என்றாள். ரெண்டு ஜாதித் திராட்சை கலந்தால் கலப்படம் ஆகாதா என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார். ரெண்டும் திராட்சைதானேம்மா என்றார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரியாமல் இல்லை. எனக்குப் பள்ளிக்கூடத்து ஞானோபதேச வகுப்பில் எப்போதும் முதல் பரிசு. மதர் சுப்பீரியர் எழுப்பி நிறுத்திக் கேட்பார்கள். பூசைக்கு உரிய பொருள் எது? கோதுமை அப்பமும் திராட்சை ரசமும் மதர், வேறெதுவும் சேர்க்கக் கூடாது மதர். ஒரே மூச்சில் சொல்லி ஒரு முத்துச் செபமாலை வாங்கினேன். இப்போது கையில் இருப்பது அதுதான். பாருங்கள், கொக்கிதான் மாற்றினேன்.

உள்ளே போன அந்த ஒல்லிப் பெண் இன்னும் வெளியே வரவில்லை, பார்த்தீர்களா? அவளுக்கு அப்படி என்ன பாவம் இருக்க முடியும். உடம்பில் இடமே இல்லையே.

சரி, காலையில் நடந்ததைச் சொல்கிறேன். பூசை நாள். வீட்டில் சமையல்காரர்கள், பந்தல்காரர்கள், சித்தப்பா வீடு, பெரியப்பா வீடு. எமல்டா விடியும் முன்பே கோயிலுக்குப் போய்விட்டாள், பீடத்துக்குப் பூ வைக்க. அங்கிருந்து போன் பண்ணினாள். மைனி, அந்தப் பாட்டிலைத் திறந்து வச்சிருங்க, பூசைக்கு முன்னால கொஞ்சம் மூச்சு விடட்டும் என்றாள். நான் கேட்கிறேன், சாராயத்துக்கு எதற்கு மூச்சு? எனக்கே மூச்சுவிட நேரம் இல்லாத நாள். இருந்தாலும் திறந்தேன். வீட்டுக்காரர் அலமாரியில் தக்கை திருகுகிற கம்பி இருந்தது. அது அங்கே ஏன் இருந்தது என்பது அவர் செய்ய வேண்டிய பாவசங்கீர்த்தனம், என்னுடையது இல்லை.

வாசனை நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. நாவல் பழமும் மிளகும் சேர்ந்த மாதிரி. சரி என்று ஒரு ஸ்பூன் ஊற்றி நாக்கில் வைத்தேன். அவ்வளவுதான். கடுக்காயைத் தேய்த்த மாதிரி நாக்கு இழுத்துக்கொண்டது. இனிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. ஏரோப்ளேன் சூட்டில் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள்? எங்கள் கோயில் பூசை ரசம் இனிப்பாகத்தான் இருக்கும் என்று பூசைக்கு எடுத்துவைக்கிற உபதேசியார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கிறிஸ்துமசுக்கு நான் வீட்டில் போடுகிற வைன் எங்கள் தெருவிலேயே பேர் பெற்றது. பன்னீர்த் திராட்சை, சீனி, கொஞ்சம் கோதுமை, பட்டை, கிராம்பு. ஜாடியில் போட்டுத் துணியால் வேடு கட்டி வைத்தால் பண்டிகைக்குத் தேன். வைன் என்றால் எனக்கு அதுதான்.

என் மகன், முதல் பூசை, நூறு கண் பார்க்க, செமினாரி அதிபர் பக்கத்தில் நிற்க, பூசைப் பாத்திரத்தைத் தூக்கி ரசத்தைக் குடிக்கிறான். குடித்துவிட்டு முகம் சுளிக்கிறான். முன் வரிசையில் என் ஓரகத்தி உட்கார்ந்து பார்க்கிறாள். இதை நினைத்துப் பாருங்கள். நான் அதைத்தான் நினைத்தேன்.

அடுப்பில் சமையல்காரர் ஜாமுனுக்கு வைத்த சீனிப்பாகு இருந்தது. ஒரு கரண்டி. ஒரே கரண்டி. பாட்டிலிலிருந்து ஒரு கிளாஸ் ரசத்தை வெளியே ஊற்றிவிட்டு அந்த இடத்தில் பாகை ஊற்றினேன். ருசி பார்த்தேன். பரவாயில்லை. ரெண்டு கிராம்பு நசுக்கிப் போட்டேன். கொஞ்ச நேரம் வைத்துவிட்டு வடிகட்டி எடுத்தும் விட்டேன். கிராம்பு உள்ளேயே கிடந்திருந்தால் நீங்கள் என்னைக் கேட்கலாம். நான்தான் எடுத்துவிட்டேனே.

பூசைக் குப்பியில் ஊற்றி, மூடி, வெள்ளைத் துணி போர்த்தி, நானே கோயிலுக்குக் கொண்டுபோனேன். பீடத்தில் குருவே ரசத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கிறார், இல்லையா? அதை யாரும் கலப்படம் என்று சொல்வதில்லை. பாகிலும் பாதி தண்ணீர்தானே.

அப்பமும் ரசமும் பீடத்துக்குக் கொண்டுபோகிற காணிக்கைப் பவனியில் எமல்டாதான் குப்பியை ஏந்திக்கொண்டு வந்தாள். அழுதுகொண்டே வந்தாள். அந்தக் கிழவி இடாவை நினைத்திருப்பாள். எனக்கும் அழுகை வந்தது. லியாண்டர் வெள்ளை உடுப்பில் நின்றது, ஐயோ அக்கா, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறகு அவன் பாத்திரத்தை எடுத்துக் குடித்தான்.

முகம் சுளிக்கவில்லை. அந்த மட்டும் நான் நினைத்தது நடந்தது. ஆனால் குடித்துவிட்டு அப்படியே நின்றான். பாத்திரம் உதட்டை விட்டு இறங்கவில்லை. பக்தி பக்தி என்று பின்னால் யாரோ சொன்னார்கள். பிறகு அவன் நிமிர்ந்து பார்த்தான். பீடத்தையும் பார்க்கவில்லை, சிலுவையையும் பார்க்கவில்லை. முன் வரிசையில் என்னைப் பார்த்தான்.

என் கிராம்பு அவனுக்குத் தெரியாதா? நடக்கத் தெரிந்ததிலிருந்து ஜாடிப் பக்கத்தில் நின்று விரலை விட்டு நக்கினவன்.

மத்தியானம் பந்தி முடிந்ததும் எமல்டா மிச்சப் பாட்டிலை எடுத்துவந்தாள். வீட்டு ஆட்களுக்கு ஆளுக்கு ஒரு வாய். முதலில் தனக்கு ஊற்றினாள், அதுதான் அங்கே வழக்கமாம். மூக்கருகே கொண்டுபோனவள் நின்றுவிட்டாள். ஒரு மிடறு குடித்தாள். யாருக்கும் ஊற்றவில்லை. பாட்டிலையும் கிளாசையும் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் வந்தாள், கதவைச் சாத்தினாள், அப்போதுதான் அதைச் சொன்னாள். நான் முதலில் சொன்னேனே, அது.

நானும் விடவில்லை. உன் இத்தாலிக்காரன் மட்டும் ருசி பார்த்துப் பார்த்து ரெண்டைக் கலக்கலாம், நான் கலந்தால் மட்டும் குற்றமா என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னாள்: "அவரு கலந்துட்டு, அது என்னவா ஆகுதுன்னு ரெண்டு வருஷம் காத்திருந்தாரு மைனி."

என்ன பேச்சு பாருங்கள். இவ்வளவு காலம் வெளிநாட்டில் இருந்தால் வாய் இப்படித்தான் ஆகும். கதவைத் திறக்கப் போனவள் திரும்பி, "எதையும்னா எதையுமே" என்றாள்.

அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதை வேண்டாம். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒன்றுமில்லை, இவ்வளவுதான். படிப்பு நடுவில் ஒரு தடவை லியாண்டர் செமினாரியிலிருந்து பெட்டியோடு வந்துவிட்டான். வேண்டாம்மா, எனக்கு நிச்சயமா தெரியல, கொஞ்ச நாள் இருக்கேன் என்றான். இரு என்றேன். நான் என்ன விரட்டினேனா? அவன் அப்பாவுக்குத் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்குகிற ஏஜென்சி. தினமும் அவரோடு போவான். கறுத்துப்போய் வருவான். ரெண்டு தட்டுச் சோறு தின்பான். ராத்திரி மாடியில் அப்பாவும் மகனும் சிரிக்கிற சத்தம் கேட்கும். என்ன அப்படிச் சிரிப்பென்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

நான் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை அக்கா. மாதா மேல் ஆணை. அவன் அங்கியோடு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி முன் ஹாலில் மாட்டினேன், அவ்வளவுதான். பெற்ற பிள்ளை போட்டோவை மாட்டக் கூடாதா? எப்போ திரும்பப் போகிறான் என்று தெருவில் கேட்டவர்களுக்கு, பாஸ்காப் பண்டிகை முடிந்ததும் போகிறான், அடுத்த வருஷம் தியாக்கோன் பட்டம், அதற்கு அடுத்தது குருப்பட்டம்தான் என்று சொன்னேன். கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? பங்குச் சாமியாரை ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டேன். அவர் இவன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போனார். அன்றைக்குத் தெருவே வாசலில் நின்றது. மறுநாள் காலையில் புது அங்கியை இஸ்திரி போட்டுக் கட்டிலில் வைத்தேன். பார்த்தான். சரிம்மா என்றான். அவனே பெட்டியை எடுத்துக் கட்டினான்.

நான் எங்கே வற்புறுத்தினேன்?

வரிசை நகர்கிறது. ஒரு ஆள் குறைந்தது. உங்கள் மெழுகுவத்தி வளைகிறது பாருங்கள், வெயிலில் பிடிக்காதீர்கள்.

முதல் பூசை அன்றைக்கே சாயங்காலம், கூட்டமெல்லாம் போன பிறகு, லியாண்டர் என்னிடம் வந்தான். நான் பட்டுப்புடவைகளை மடித்துக்கொண்டிருந்தேன். வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். சின்னதிலிருந்தே அப்படித்தான், புடவை மடிக்க எனக்கு மறுமுனை அவன்தான். மடித்துக்கொண்டே கேட்டான். "ரசத்துல ஏதாச்சும் சேத்தியளாம்மா?"

மெதுவாகத்தான் கேட்டான். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன், அது எனக்குச் சுலபம். நான், "நானா? நான் எதுக்குய்யா சேக்கேன்?" என்றேன்.

பொய் இல்லை அது. கேள்விதானே. இல்லை என்று நான் சொல்லவில்லை.

அவன் புடவை முனையை என் கையில் கொடுத்தான். "சரிம்மா" என்றான்.

அதே சரிம்மாதான் அக்கா. அங்கியைப் பார்த்துச் சொன்னானே, அதேதான். ஒரு மாத்திரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எமல்டா போகிற அன்றைக்கு ஏர்போர்ட்டில் வைத்துச் சொன்னாள். நான் அவன்கிட்ட வாயே திறக்க மாட்டேன் மைனி, நீங்களா சொல்லணும் என்றாள். காலிப் பாட்டிலைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு போனாள். மிச்சத்தை என்ன செய்தாள் என்று தெரியவில்லை. கொட்டினாளோ, குடித்தாளோ. நான் அதற்குப் பிறகு அந்த ஜாடியை எடுக்கவில்லை. இந்தக் கிறிஸ்துமசுக்கு வைன் போடவில்லையா என்று ஓரகத்தி ரெண்டு தடவை கேட்டுவிட்டாள். திராட்சை சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

லியாண்டர் இப்போது மலைப்பக்கம் ஒரு சின்னப் பங்கில் துணைக்குருவாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் பண்ணுவான். சாப்பிட்டியா, சாப்பிட்டேம்மா. கூட்டம் இருந்ததா, இருந்துச்சும்மா. அதற்கப்புறம் ரெண்டு பேரும் சும்மா இருப்போம். போனில் மழைச் சத்தம் கேட்கும். போன வாரம் அப்படிச் சும்மா இருக்கும்போது, சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன ஆகும்? அவன் முதல் பூசை பூசையே இல்லை என்று ஆகிவிடும். வாழ்நாளில் ஒரே ஒரு முதல் பூசை. சொல்லாவிட்டால், பீடத்தில் நின்று தன் நாக்கையே நம்ப முடியாமல் நிற்பான், ஒவ்வொரு நாளும் பாத்திரத்தைத் தூக்கும்போதும். எது பெரிய பாவம்? மதர் சுப்பீரியர் இதைச் சொல்லித்தரவில்லை. அவர்கள் கேள்வி எல்லாம் ஒரே மூச்சில் பதில் சொல்கிற கேள்வி.

உள்ளே இருக்கிற சாமியார் அந்தப் பூசை செல்லும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். நான் லியாண்டரிடம் சொல்லவே வேண்டாம். செல்லாது என்றால்... அதைத்தான் நானே போய்க் கேட்க முடியவில்லை. ரெண்டு நாளாக வருகிறேன். நேற்று என் முறை வந்ததும் கோபத்தையும் புறம்பேசினதையும் மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பரிகாரமாக மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார். அதற்கு அது போதும்தான்.

அந்த ஒல்லி வெளியே வந்துவிட்டாள். முகத்தைப் பாருங்கள், எவ்வளவு இலேசாகப் போகிறாள். அடுத்து நீங்கள்தானே? இருங்கள், ஒரு நிமிஷம். உங்களை ஒன்று கேட்கிறேன். முதலிலிருந்தே கேட்க நினைத்ததுதான். உங்கள் பாவத்தைச் சொல்லி முடித்த பிறகு, கடைசியில், தெரிந்தவள் ஒருத்திக்காகக் கேட்கிறேன் சாமி என்று சொல்லுங்கள். நல்லதென்று நினைத்துப் பூசை ரசத்தில் கொஞ்சம் சீனி சேர்த்துவிட்டாள், அது செல்லுமா என்று கேளுங்கள். சீனி என்று சொன்னால் போதும். கிராம்பைச் சொல்ல வேண்டாம். இல்லை, சொல்லிவிடுங்கள். கிராம்பையும் சொல்லுங்கள். பையன் விஷயம் வேண்டாம். போட்டோ, தெரு, அதெல்லாம் வேறு, அதற்கு இவரிடம் என்ன பதில் இருக்கப்போகிறது.

மெழுகுவத்தியைக் கொடுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன். அந்தப் பச்சைப் புடவையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள்.

அக்கா. அந்தப் பையன் விஷயத்தையும் கேளுங்களேன். அவன் சரிம்மா என்று சொன்னான் இல்லையா, அது செல்லுமா என்று.

கேட்டதா அக்கா? திரையை இழுக்கும் முன்னால் ஒரு தடவை தலையையாவது ஆட்டிவிட்டுப் போங்களேன்.